றோட்ஸ் தீவின் மத்தியஸ்தர்

1948ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆந் திகதி யெருசலேம் நகர வீதியொன்றிலே ஐக்கிய நாடுகள் சபையின் மோட்டார் வண்டித் தொடரொன்று வழிமறிக்கப்பட்டது. வண்டியுள் இருந்த சுவீடன் நாட்டுப் போல்க் பேர்ணடொட் பிரபுவும், அவர் பக்கத்தே அமர்ந்திருந்த பிரெஞ்சுக் கேணல் ஒருவரும் அவ்விடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவர்கள் லெகி என்னும் யூதத் தீவிரவாதக் குழுவைச் சேர்ந்தவர்கள். கொலையுண்ட பிரபுவோ பலஸ்தீனப் போரை நிறுத்துமாறு ஐக்கிய நாடுகள் சபை அனுப்பிய மத்தியஸ்தர். அன்று அவரோடு அவ்வண்டியிற் செல்லவேண்டியிருந்த மற்றொருவர், வழியில் ஏற்பட்ட தாமதத்தால் வந்து சேரவில்லை. அத்தாமதம் அவரது உயிரைக் காத்தது. சில நாட்களுள் பதில் மத்தியஸ்தர் என்னும் பொறுப்பு அவர் தலைமேல் வந்து விழுந்தது. அவர்தாம் றால்ப் பஞ்ச்.

அமெரிக்காவின் டிட்ரொயிட் நகரிற் பிறந்த கறுப்பினத்தவர் பஞ்ச். இளமையிலே தாயை இழந்து, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பாட்டியாரால் வளர்க்கப்பட்டார். 1934இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆபிரிக்காவில் பிரெஞ்சுக்காரர் நடத்திய ஆட்சியே அவரது ஆராய்ச்சிப் பொருள். தம் நாட்டின் தலைநகரிலே நிறத்தின் பெயரால் உணவுச்சாலையும் பள்ளிக்கூடமும் பிரிக்கப்பட்டிருந்த காலத்தில் வாழ்ந்தவர் அவர். 1949இல் வெளிநாட்டு அமைச்சில் உயர் பதவியொன்று தரப்பட்டபோது, அந்நகரின் அந்நிலையையும் ஒரு காரணமாகக் கொண்டு அதனை மறுத்தார். பகை கொண்ட இரு சாதியாரிடையே நிற்க அனுப்பப்பட்டவர், பகையின் முகத்தை நூல்களிலே மட்டும் கண்டவரல்லர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

தூது என்பது தமிழர்க்குப் பழகிய பொருள். தூதன் ஓர் அரசனுக்கு உரியவன். தன்னை அனுப்பியவன் கருதியதை மாற்றானுக்கு உணர்த்தி மீளுதலே அவன் கடமை. மத்தியஸ்தர் நிலை வேறு. அவர் இருவர் சொல்லையுங் கேட்பார். எவர் சொல்லையும் தம் சொல்லாகக் கொள்ளார். அவர் கையிற் படை இல்லை. தீர்ப்பளிக்கும் அதிகாரமும் இல்லை. உள்ளதெல்லாம் பேச்சு ஒன்றுதான். எதனை முதலிற் பேசுவது, எவரிடம் தனித்துப் பேசுவது, எச்சொல்லை எழுதுவது, எதனை எழுதாது விடுவது என்னும் தேர்ச்சியே அவருடைய கருவி. அக்கருவி எவ்வளவு தூரம் பயன்படும், எங்கே பயன்படாது ஒழியும் என்பதற்கு 1949ஆம் ஆண்டின் றோட்ஸ் பேச்சுவார்த்தையை விடத் தெளிவான சான்று காண்பதரிது.

பேர்ணடொட் பிரபு துணிவு மிக்கவர். 1948 ஜூன் 11 முதல் நான்கு வாரம் நிலைத்த முதலாவது போர்நிறுத்தம் அவர் முயற்சியாலே வந்தது. ஆயின், அப்போர்நிறுத்தக் காலத்துள்ளேயே பலஸ்தீனப் பிரச்சினை முழுவதற்கும் தீர்வு கூற அவர் முற்பட்டார். யெருசலேம் நகரை அரபுப் பகுதியோடு சேர்த்தலாம் என்னும் யோசனையை ஜூன் மாத இறுதியில் முன்வைத்தார். யூதர் கொதித்தெழுந்தனர். அரபு நாடுகளும் அதனை ஏற்கவில்லை. செப்டெம்பர் 16ஆந் திகதியிட்ட இரண்டாவது அறிக்கையில் அந்நகரை ஐக்கிய நாடுகள் சபையின் மேற்பார்வையில் வைக்கலாம் என்று மாற்றினார். மறுநாள் அவர் உயிரோடில்லை. இரு அறிக்கைகளின் ஆக்கத்திலும் உடனிருந்தவர் பஞ்ச். பெரிய வினாவை முதலிற் கேட்டால் இருவரும் ஒருங்கே மறுப்பர் என்பதை அவர் நேரிற் கண்டிருந்தார்.

நவம்பர் 16ஆந் திகதி பாதுகாப்புச் சபை, போரிடும் நாடுகள் யுத்தநிறுத்த உடன்படிக்கை செய்தல் வேண்டும் எனத் தீர்மானித்தது. அது சமாதான உடன்படிக்கை அன்று. யுத்தநிறுத்த உடன்படிக்கையென்பது படைகள் நிற்கும் இடத்தைக் குறித்து, அவ்விடத்தைக் கடந்து சுடுவதில்லை என ஒப்புக்கொள்வதே. இவ்வேறுபாட்டைப் பஞ்ச் உடும்புப் பிடியாகப் பற்றிக்கொண்டார். டிசெம்பர் இறுதியில் மீண்டும் போர் மூண்டு, இஸ்ரேலியப் படை சீனாய் பாலைவனத்தினுள்ளும் நுழைந்தது. பிரித்தானியா தலையிடுவதாக எச்சரித்தது. அதன் விமானங்கள் ஐந்து சுட்டு வீழ்த்தப்பட்டன. இந்நிலையிற் பேசுவதற்கு எகிப்து இசைந்தது. மற்ற அரபு நாடுகளைக் காத்திராது, எகிப்தை மட்டும் தனியே அழைத்தார் பஞ்ச்.

பேச்சுவார்த்தைக்கு அவர் தெரிந்த இடம் கிரேக்க நாட்டுக்குரிய றோட்ஸ் தீவு. அங்கே 'ஹோட்டல் டே றோஸ்' என்னும் விடுதியில் இரு தூதுக்குழுக்களும் ஒரே கூரையின் கீழ்த் தங்கின. கெய்ரோவிலிருந்தும் தெல் அவீவிலிருந்தும் தொலைவு. ஊர்வாய்க்குத் தப்பிய இடம். உணவுக்கூடத்திலும் மாடிப்படியிலும் ஒருவரையொருவர் காணாதிருக்கவும் இயலாது. எகிப்துக் குழுவுக்குக் கேணல் சயிப் எல்டீன் தலைவர். இஸ்ரேலியக் குழுவுக்கு அந்நாட்டு வெளிநாட்டு அமைச்சின் உயர் அதிகாரி வோல்ட்டர் எய்ற்றான் தலைவர். படைத் தளபதி யிகேல் யாதீன் அவருடன் வந்திருந்தார்.

1949 ஜனவரி 13ஆந் திகதி இரு குழுவினரும் பஞ்சின் முன்னிலையிற் கூடினர். தொடக்க உரையில் அவர் எவரையும் குறை கூறவில்லை. போரின் காரணத்தை ஆராயவும் இல்லை. பல உயிர்களும் அப்பகுதியின் அமைதியும் இவ்வறையில் நடப்பதைப் பொறுத்திருப்பதையும், தோல்வியடைய எவருக்கும் உரிமையில்லை என்பதையும் சொன்னார். பின் நிகழ்ச்சி நிரலை எடுத்து வைத்தார்.

அந்நிரலே அவர் திறமையின் முதற் சான்று. அதில் இருந்தவை எவரும் மறுக்கவியலாத விடயங்கள். ஒரு பகுதியார் மற்றப் பகுதியாரைத் தாக்குவதில்லை, ஒவ்வொருவரின் பாதுகாப்பும் மதிக்கப்படும் என்பன போன்றவை. இவற்றை ஏற்பதில் யாருக்கு இடர்? ஆயினும் இவற்றை ஏற்றுக்கொண்டமையை இரு குழுவும் முறைப்படி பதிவுசெய்யுமாறு கேட்டார். ஒன்றாகக் கூடவும், ஒன்றாக முடிவெடுக்கவும், தாளிற் கையொப்பமிடவும் அவர்கள் பழகிக்கொள்ளல் வேண்டும். அப்பழக்கம் வந்தபின் அடுத்த படி அத்துணைக் கடினமாயிராது. இதுவே தம் நோக்கமென்று பிற்காலத்தில் அவரே விளக்கியிருக்கிறார். வழக்கம் என்பதன் வலிமையை அறிந்தவர் செய்யும் செயல் அது. வெறும் சடங்கென்று அதனைத் தள்ளுவோர் பேச்சுவார்த்தை மேசையை அறியாதவர்.

ஆரம்பக் கூட்டங்களில் எகிப்தியர் தாம் சொல்ல வேண்டியதைப் பஞ்சை நோக்கியே சொன்னார்கள். எதிரே இருப்போர் அவர்கள் கண்ணிற் படாதவர் போன்றிருந்தனர். பஞ்ச் அதனைத் திருத்த முயலவில்லை. பேசவைக்க வேண்டும் என வற்புறுத்தாது, ஒவ்வொரு விடயத்தையும் முதலில் ஒவ்வொரு குழுவோடும் தனித்தனியே பேசினார். அடுத்து, இரு தலைவரையும் முறைசாராச் சந்திப்பில் தம்மோடு இருத்தினார். ஒப்புதல் கனிந்த பின்னரே முழுக்கூட்டத்தைக் கூட்டினார். ஆதலின் முழுக்கூட்டம் வாதிடும் களமாகாது, முடிந்ததைப் பதிவுசெய்யும் இடமாயிற்று. தனியறையில் ஒருவர் விட்டுக்கொடுத்தது மற்றவரின் வெற்றி முழக்கமாக வெளிவரவில்லை.

நாளடைவில் பனி உருகலாயிற்று. இஸ்ரேலியக் குழுவிலிருந்த எலியாஹு சசோன் டமஸ்கஸ் நகரிற் பிறந்தவர். அரபு மொழியைத் தாய்மொழிபோற் பேசியவர். எகிப்துக் குழுவின் ஆலோசகர் நோயுற்றபோது இஸ்ரேலியர் சிலர் அவர் படுக்கையருகே சென்றமர்ந்து உரையாடினர். விடுதியில் பிலியட் மேசையொன்று இருந்தது. பஞ்ச் அவ்விளையாட்டில் வல்லவர். பகலில் நகலோடு போராடியவர்கள் இரவில் அவரோடு பந்து உருட்டினர். நகைச்சுவையும் அவரிடம் குறைவில்லை. அத்தீவின் மட்பாண்டக் கலைஞரிடம் பேச்சுவார்த்தையின் பெயர் பொறித்த அழகிய தட்டுக்களை முன்கூட்டியே செய்வித்து வைத்திருந்தாராம். பேச்சு முட்டி நின்ற வேளையொன்றில் அவற்றைக் காட்டி, உடன்பட்டால் ஆளுக்கொன்று வீட்டிற்குக் கொண்டுபோகலாம், இல்லையேல் இவற்றை உங்கள் தலையில் உடைப்பேன் என்றாராம். சிரிக்க வைத்தல் ஒரு புறமிருக்க, உடன்படிக்கை கைகூடுமென்று அவர் முன்னரே நம்பியிருந்தமையை அத்தட்டுக்கள் வாய்திறவாமல் உணர்த்தின.

உண்மையான முட்டுக்கட்டை இரண்டு. ஒன்று பலூஜா. அங்கே ஏறக்குறைய 4,000 எகிப்தியப் போர்வீரர் இஸ்ரேலியப் படையால் சூழப்பட்டு, மாதக்கணக்கில் முற்றுகையில் இருந்தனர். அவர்களை விடுவிப்பது எகிப்துக்கு மானப் பிரச்சினை. அவர்களைப் பிடித்து வைத்திருப்பது இஸ்ரேலுக்குப் பேரத்தின் முதல். மற்றொன்று எல்லையோரத்து அவ்ஜா. 1948இல் எகிப்தியப் படை உள்நுழைந்த வழி அது. பின்னர் இஸ்ரேல் கைப்பற்றியிருந்தது. எகிப்து அதனை இஸ்ரேலியர் கையில் விட மாட்டேன் என்றது. இஸ்ரேல், படையெடுத்த வழியை மீண்டும் திறந்துவிட மாட்டேன் என்றது.

இத்தகைய நிலையில், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சேர்ப்பிப்பதோடு அமையும் மத்தியஸ்தர் தபாற்காரராகி விடுவார். பஞ்ச் அவ்வாறு நிற்கவில்லை. இரு குழுவின் கோரிக்கைகளையும் கேட்டபின் தாமே ஒரு சமரச நகலை எழுதி இருவரிடமும் கொடுத்தார். இப்போது ஒருவர் மற்றவருடைய யோசனைக்குப் பணிந்தார் என்ற பேச்சுக்கு இடமில்லை. இருவரும் மூன்றாமவரின் தாளைத் திருத்தினார்கள். திருத்தத் திருத்த அது அவர்கள் தாளாயிற்று. பலூஜாவிலுள்ள படை தன் ஆயுதங்களோடு, ஐக்கிய நாடுகள் சபையின் மேற்பார்வையில் எகிப்து எல்லைக்கு அப்பாற் செல்லலாம் என்று முடிந்தது. சரணடைதல் என்ற சொல் அதில் இல்லை. அவ்ஜா எவர் படையும் இல்லாத வலயமாயிற்று. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் கூட்டு ஆணைக்குழுவின் அலுவலகமும் அங்கேயே அமைக்கப்பட்டது. எவருக்குங் கொடாத இடம், அதனால், இருவரும் கூடிப் பேசுமிடமாயிற்று.

எல்லாவற்றினும் நுண்ணியது ஒரு வாசகம். படைகளைப் பிரிக்கும் கோட்டை வரைபடத்தில் இட வேண்டும். ஆனால் கோடு இட்டவுடன் அது நாட்டின் எல்லையாகிவிடுமே என்னும் அச்சம் எகிப்துக்கு இருந்தது. யூத அரசை அங்கீகரித்ததாகிவிடும் அன்றோ? இஸ்ரேலும் தன் எல்லை இதுவே என்று கட்டுண்ண விரும்பவில்லை. எனவே, யுத்தநிறுத்தக் கோட்டை எவ்வகையிலும் அரசியல் எல்லையாகவோ பிரதேச எல்லையாகவோ பொருள்கொள்ளலாகாதென்றும், பலஸ்தீனப் பிரச்சினையின் இறுதித் தீர்வில் இரு பகுதியாரின் உரிமைகளுக்கும் கோரிக்கைகளுக்கும் அதனாற் பாதகம் நேராதென்றும் உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவில் எழுதப்பட்டது. இருவர் மனத்திலும் முரண்பட்ட எண்ணம் இருக்கவே, ஒரே வாக்கியத்தில் இருவரும் நிற்க முடிந்தது. இதனை மழுப்பல் எனச் சிலர் கூறுவர். அன்றைய நிலையில் வேறெந்தச் சொல்லும் துப்பாக்கிகளை நிறுத்தியிராது.

பெப்ரவரி 24ஆந் திகதி உடன்படிக்கை கையொப்பமாயிற்று. ஆறு வாரங்கள் சென்றிருந்தன. முதலாவது கதவு திறந்ததும் மற்றையோரும் ஒவ்வொருவராக வந்தனர். லெபனான் மார்ச் 23ஆந் திகதி எல்லையூரான றாஸ் நக்கூராவில் ஒப்பமிட்டது. யோர்தான் ஏப்ரில் 3ஆந் திகதி றோட்ஸ் தீவிலேயே ஒப்பமிட்டது. ஆனால் அதன் உள்ளடக்கம் அப்துல்லா மன்னருக்கும் இஸ்ரேலியருக்கும் இடையே இரகசியமாக வேறிடத்திற் பேசி முடிக்கப்பட்டது. சிரியா ஜூலை 20ஆந் திகதி இணங்கியது. ஈராக் எதிலும் ஒப்பமிடவில்லை. அடுத்த ஆண்டு பஞ்சுக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. அதனைப் பெற்ற முதலாவது கறுப்பினத்தவர் அவரே. ஐக்கிய நாடுகள் சபையின் ஊழியர் பரிசுக்காக உழைப்பவரல்லர் என்று அதனை மறுக்கவும் எண்ணினார். செயலாளர் நாயகம் திரிக்வே லீ சொல்லியே ஏற்றார்.

புகழைப் பேசுமிடத்துக் குறையையும் பேசுதல் வேண்டும். றோட்ஸ் மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் அரசுகளின் பிரதிநிதிகள். போரினால் வீடும் நிலமும் இழந்த பலஸ்தீன அரபு மக்கள் ஏறக்குறைய 7 இலட்சம் பேர். அவர்களுக்கு அம்மேசையில் இருக்கை இல்லை. பேச வேண்டியது படைகளைப் பற்றி மட்டுமே எனப் பஞ்ச் வகுத்த எல்லையே வெற்றிக்குக் காரணம். அவ்வெல்லையே அம்மக்களை வெளியே நிறுத்திற்று. அவர்கள் விடயம் வேறொரு சபைக்கு உரியதெனத் தள்ளிவைக்கப்பட்டது.

அவ்வேறு சபையாவது, அமெரிக்கா, பிரான்ஸ், துருக்கி ஆகிய மூன்று நாடுகளின் சமரச ஆணைக்குழு. அது 1949 ஏப்ரில் முதல் செப்டெம்பர் வரை சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் மாநாடு நடத்திற்று. அங்கே அரபு நாடுகள் யாவும் ஒரே கூட்டமாக அழைக்கப்பட்டன. ஒருவர் முன் மற்றவர் விட்டுக்கொடுத்தால் துரோகிப் பட்டம் சூட்டப்படுமென்ற அச்சத்தில், ஒவ்வொரு நாடும் மற்றதனினும் கடுமையாகப் பேசிற்று. ஆணைக்குழுவோ பெரும்பாலும் ஒரு பக்கத்துச் செய்தியை மறு பக்கத்துக்குக் கடத்தியது. இஸ்ரேலும் அகதிகளைப் பெருந்தொகையில் ஏற்க இணங்கவில்லை. மாநாடு வெறுங்கையோடு கலைந்தது. லொசான் நகரின் தோல்விக்கு ஆணைக்குழுவின் பேச்சுமுறை மட்டும் காரணமன்று. அங்கே கேட்கப்பட்ட வினாக்கள் றோட்ஸ் வினாக்களினும் பெரியவை. எனினும் முறையும் ஒரு காரணமே.

பலூஜா முற்றுகையிலிருந்து வெளியேறிய எகிப்திய அதிகாரிகளில் ஒருவர் கமால் அப்துல் நாசர். 1967 மே மாதத்தில் எகிப்தின் ஜனாதிபதியாக, சீனாயில் நின்ற ஐக்கிய நாடுகள் படையை விலகுமாறு கேட்டவர் அவரே. அப்படையை 1956இல் அமைப்பதில் முன்னின்று உழைத்த பஞ்ச், அது கலைவதையும் அதே சபையின் உதவிச் செயலாளராயிருந்து கண்டார். ஜூன் 5ஆந் திகதி போர் வெடித்தது. அப்போருக்குப் பின்னர் 'றோட்ஸ் முறையிற் பேசலாம்' என்றொரு யோசனை 1969இல் எழுந்தபோது விந்தையான வழக்கொன்று பிறந்தது. றோட்ஸ் தீவில் நேரிற் பேசினோம் என்றது இஸ்ரேல். மத்தியஸ்தர் வாயிலாகவே பேசினோம் என்றனர் அரபு நாட்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் பஞ்ச் கட்டிய அரங்கில் இரண்டுமே நிகழ்ந்திருந்தன. பஞ்ச் 1971 டிசெம்பர் 9ஆந் திகதி காலமானார்.

அதே இரு நாடுகள் மீண்டும் ஒரு மத்தியஸ்தரின் கூரையின் கீழ்ச் சேர்ந்தது 1978 செப்டெம்பரில். அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி காட்டர், எகிப்தின் சதாத்தையும் இஸ்ரேலின் பெகினையும் காம்ப் டேவிட் என்னும் மலைவாசத்துக்கு அழைத்துப் பதின்மூன்று நாள் வைத்திருந்தார். பத்திரிகையாளருக்கு உள்ளே அனுமதியில்லை. தலைவர்கள் மனம்விட்டுப் பேசினால் இணக்கம் வரும் என்பது காட்டரின் முதல் எண்ணம். நடந்ததோ எதிர்மாறு. முதற் சில நாட்களில் இருவரும் நேருக்குநேர் பழைய கணக்குகளைத் தீர்த்துக்கொண்டனர். பின்னர் இறுதிவரை காட்டர் அவர்களை ஒருங்கிருத்திப் பேரம் பேசவிடவேயில்லை. ஒரே நகலை எழுதி, ஒரு குடிலிலிருந்து மறு குடிலுக்குத் தாமே கொண்டுசென்றார். அந்நகல் 23 முறை மாறியது. றோட்ஸ் தீவின் தனியறைகளும் மூன்றாமவர் தாளும் அங்கே மீண்டும் வந்தன எனலாம்.

இறுதி நாளில் யெருசலேம் பற்றிய கடிதமொன்றால் பெகின் சினந்து, எல்லாம் முறியும் நிலை வந்தது. தம் பேரப்பிள்ளைகளுக்காகக் கையொப்பமிட்ட படங்கள் வேண்டுமென அவர் முன்னரே கேட்டிருந்தார். காட்டர் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பேரப்பிள்ளையின் பெயரை எழுதி நேரில் எடுத்துச் சென்றார். பெகின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கையிற் குரல் தழுதழுத்தது. படத்தாலேயே இணக்கம் வந்ததென்பது மிகை. கடிதத்தின் வாசகமும் திருத்தப்பட்டது. ஆயினும் திருத்திய வாசகத்தைக் கேட்கும் செவியை அப்படங்கள் திறந்துவிட்டன.

அங்கும் ஒரு விரிசல் வீழ்ந்தது. மேற்குக் கரையிற் புதிய யூதக் குடியேற்றங்களை நிறுத்துவது பற்றி இரவு நெடுநேரம் வாயாற் பேசப்பட்டது. மேற்குக் கரையின் சுயாட்சி பற்றிய பேச்சு முடியும்வரை நிறுத்துவதாகப் பெகின் வாக்களித்தாரெனக் காட்டர் விளங்கிக்கொண்டார். பெகினிடமிருந்து வந்த கடிதத்தில் மூன்று மாதம் என்றே இருந்தது. எவர் சொன்னது சரி என்னும் வழக்கு அவர்கள் வாழ்நாள் முழுவதும் தீரவில்லை. குடியேற்றம் தொடர்ந்தது. அவ்விரவில் அவ்விடயம் மட்டும் இருவரும் கையொப்பமிட்ட தாளாக மாறியிருக்கவில்லை.

1979 மார்ச் 26ஆந் திகதி வாஷிங்டன் நகரில் எகிப்தும் இஸ்ரேலும் சமாதான உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. பிரித்தானிய ஆட்சிக்கால பலஸ்தீனத்துக்கும் எகிப்துக்கும் இடையே இருந்த பழைய எல்லையே நிரந்தர எல்லையாயிற்று. 1982 ஏப்ரிலில் சீனாய் ஏறக்குறைய முழுவதும் எகிப்திடம் மீண்டது. அரசியல் எல்லை அன்று என்று றோட்ஸ் தீவில் எழுதப்பட்ட கோட்டின் ஒரு துண்டு மட்டும் அப்பழைய எல்லையோடு சேராது தனித்து நின்றது. அது காசாப் பகுதியைச் சூழ்ந்த துண்டு. 1949இல் எகிப்தியப் படை நின்ற நிலத்தை அளந்து அப்பகுதிக்கு உருவளித்த கோடும் அதுவே. அப்பகுதியின் நிலை பற்றி வாஷிங்டன் உடன்படிக்கை எழுதியதும் பழைய சொல்லையே: அவ்விடயத்துக்குப் பாதகமின்றி.